வெள்ளம் ஏறிய ஆறு, நிரம்பிய ஏரி: ஸ்கூபா டைவிங்கில் என்னென்ன மாறும்?

கேள்வி இதுதான்: ஆற்றிலும் ஏரியிலும் நீர்மட்டம் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு மீட்டர் ஏறி நிற்கிறது. பலமுறை இறங்கிப் பழகிய இடம். ஆழம் கொஞ்சம் கூடியிருப்பதைத் தவிர வேறு என்ன மாறியிருக்கும்? இறங்கலாமா?

ஆழம் கூடியதுதான் இருப்பதிலேயே சின்ன மாற்றம். ஆற்றில் வேகமும், அது அடித்துக்கொண்டு வரும் பொருள்களும் மாறியிருக்கும். ஏரியில் கலங்கலும் கரையும் மாறியிருக்கும். அதனால் "எவ்வளவு ஏறியிருக்கிறது" என்று கேட்பதற்கு முன் "எதனால் ஏறியது, இன்னும் ஏறுகிறதா, வடியத் தொடங்கிவிட்டதா" என்று கேளுங்கள். ஒரே அளவுகோலில் ஒரே மட்டம் காட்டும் இரண்டு நாட்கள் டைவிங்கைப் பொறுத்தவரை முற்றிலும் வேறு வேறு நாட்களாக இருக்கும்.

முதலில் ஆறு. அகலமான ஆற்றில், சரிவும் படுகையும் மாறாமல் ஆழம் மட்டும் இரட்டித்தால் சராசரி வேகம் சுமார் 1.6 மடங்காகும். கேட்க அதிகமாகத் தெரியாது. ஆனால் உங்கள் உடல்மீது நீர் தரும் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு (வேகம் × வேகம்) ஏற்பக் கூடும். எதிர்த்து நீந்தச் செலவாகும் உழைப்போ மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஆக 1.6 மடங்கு வேகம் என்றால் விசை இரண்டரை மடங்கு, உழைப்பு நான்கு மடங்கு. நேற்று வரை காலில் மாட்டிய துடுப்பை மெதுவாக அடித்து எதிர்நீச்சல் போட்ட இடத்தில் இன்று ஒரு நிமிடத்தில் மூச்சிரைக்கும்.

இது காற்றுக் கணக்கை அப்படியே கவிழ்த்துவிடும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவர், அழுத்தம் இரட்டிக்கும் 10 மீட்டர் ஆழத்தில் 40 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருந்தால் 2,400 லிட்டர். 50 பார் கையிருப்பை ஒதுக்கினால் மிஞ்சுவது 1,800 லிட்டர், அதாவது 45 நிமிடம். நீரோட்டத்தோடு மல்லுக்கட்டும்போது மூச்சு இரண்டரை மடங்கானால் அதே காற்று 18 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதோடு, அப்படி இரைக்கும்போது உடலில் கரியமில வாயு தேங்கும். தலைவலி, படபடப்பு, வாயில் கடித்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் "காற்றே தரவில்லை" என்ற எண்ணம் எல்லாம் தொடர்ந்து வரும். இந்த நிலைக்கு வந்துவிட்டால் எதிர்த்து நீந்துவதை உடனே நிறுத்தி, ஒரு பாறையையோ கயிற்றையோ பிடித்துக்கொண்டு மூச்சை நிதானப்படுத்த வேண்டும். எதுவும் அகப்படாவிட்டால் நீரோட்டத்தோடு போய்விடுவதே நல்லது.

வேகத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளந்து பாருங்கள். கரையோரம் 10 மீட்டர் அளந்து இரண்டு குறி வையுங்கள். பாதி மூழ்கி மிதக்கும் ஒரு கட்டையை ஓட்டத்தின் நடுவே எறிந்து, இரு குறிகளுக்கும் இடையே எத்தனை விநாடி எடுக்கிறது என்று பாருங்கள். 20 விநாடி என்றால் விநாடிக்கு அரை மீட்டர், ஏறக்குறைய 1 நாட். முழு டைவிங் உடையோடு ஒருவர் கொஞ்ச நேரமாவது எதிர்த்து நிற்கக்கூடிய எல்லை அதுதான். 10 விநாடியில் கடந்தால் எதிர்நீச்சல் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85 ஆல் பெருக்கினால் ஆற்றின் சராசரி வேகம் உத்தேசமாகக் கிடைக்கும். படுகையை ஒட்டி வேகம் இன்னும் குறைவு. அதனால்தான் ஆற்றில் பழகியவர்கள் தரையோடு தரையாக, கல்லைப் பிடித்துப் பிடித்து நகர்வார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழைய சொல். வெள்ள ஆற்றில் ஆழத்தைவிட வேகம் தெரிந்திருப்பது முக்கியம்.

வேகம் தெரிந்துவிட்டால் தூரமும் தெரிந்துவிடும். விநாடிக்கு அரை மீட்டரில் 30 நிமிடம் மிதந்தால் 900 மீட்டர்; 1 மீட்டரில் 1.8 கிலோமீட்டர். வழக்கமாகக் கரையேறும் துறை 400 மீட்டரில் இருந்தால் அதை எப்போது தாண்டினோம் என்றே தெரியாமல் போய்விடுவீர்கள். எனவே குறைந்தது இரண்டு கரையேறும் இடங்களை முன்கூட்டியே நடந்து போய்ப் பார்த்து வையுங்கள். வெள்ளத்தில் படிக்கட்டு மூழ்கியிருக்கும், மணல்திட்டு காணாமல் போயிருக்கும், கரை செங்குத்தாக நிற்கும். கரைக்கு வரும்போது நேர்குறுக்காக நீந்த வேண்டாம். ஓட்டத்துக்கு எதிராக முகத்தைச் சற்றுத் திருப்பி, 30 முதல் 45 பாகை சாய்வில் கரையை நோக்கித் துடுப்படித்தால் ஆறே உங்களைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

மிதந்துபோகும் தூரத்துக்குக் கீழே தடுப்பணையோ, உபரிநீர் வழியும் கலங்கோ இருந்தால் அங்கே இறங்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. தாழ்வான தடுப்பணை வெள்ளக்காலத்தில் ஏமாற்றும். கீழ்ப்பக்க நீரும் ஏறிவிடுவதால் விழும் உயரம் குறைந்து சாதுவாகத் தெரியும். ஆனால் விழுந்த நீர் அடியில் பாய்ந்து, மேலெழுந்து, மேற்பரப்பு வழியாக அணையை நோக்கியே திரும்பி உருளும். அந்தச் சுழற்சியில் சிக்கிய கட்டைகள் நாள்கணக்கில் வெளியேறாமல் உருண்டுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். மனிதருக்கும் அதே கதிதான். அங்குள்ள நுரைநீர் காற்றுக்குமிழ் நிறைந்து அடர்த்தி குறைந்தது. காற்று ஊதி மிதக்க உதவும் பி.சி.டி. சட்டையை முழுதும் ஊதினாலும் அது உங்களைத் தூக்காது.

மதகு, குழாய்ப்பாலம், நீரெடுக்கும் குழாய்வாய் ஆகியவற்றின் ஆபத்து வேறு வகை. இருபுறமும் நீர்மட்டம் வேறுபட்டால் திறப்பின் வாயில் உறிஞ்சும் விசை பிறக்கும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு திறப்பு, இருபுற மட்ட வேறுபாடு 3 மீட்டர் என்று வையுங்கள். அதை அடைத்து நிற்கும் உடல்மீது சுமார் 210 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்தும். வேறுபாடு 5 மீட்டரானால் 350 கிலோ. நான்கு பேர் சேர்ந்து இழுத்தாலும் ஆளை மீட்க முடியாது. இரண்டு பக்க மட்டமும் சமமாகும் வரை பிடி விடாது. சற்றுத் தள்ளி நின்றால் இழுப்பே உணராது என்பதுதான் இதன் கொடுமை. அணை நிரம்பி நிற்கும் நாளில் இந்த வேறுபாடு உச்சத்தில் இருக்கும். வழக்கமாக வறண்டு கிடக்கும் சாலையடிக் குழாய்கள்கூட வெள்ளத்தில் மூழ்கி இதே வேலையைச் செய்யும். மதகை இயக்குபவர்களிடம் பேசி, மூடிப் பூட்டியிருப்பதை உறுதிசெய்யாமல் அந்தப் பக்கம் நெருங்கவே கூடாது.

அடுத்தது மரங்கள். மட்டம் ஏறும்போதுதான் ஆறு கரையில் கிடந்த கட்டை, வேலி, வேரோடு சாய்ந்த மரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரும். முழு மரம் ஒன்று முக்கால்வாசி நீருக்குள் மூழ்கியபடி வந்தால் கீழே இருக்கும் டைவருக்கு அது வருவது தெரியாது. வளைவுகளிலும் பாலத் தூண்களிலும் மரங்கள் சிக்கிக் குவியும். நீர் ஊடே போய்விடும், ஆள் போக முடியாது. மேற்பரப்பில் மிதக்கும்போது அப்படி ஒரு குவியலை நோக்கி அடித்துச் செல்லப்பட்டால் கால்களை முன்னே நீட்டிக்கொண்டு மோதாதீர்கள். கால்கள் அடியில் நுழைந்து உடல் கீழே இழுக்கப்படும். தலை முன்னே இருக்கக் குப்புறத் திரும்பி, வேகமாக நீந்திப் போய் அதன் மேலே தாவி ஏறுங்கள்.

இதனால், நீங்கள் இருக்கும் இடத்தை மேலே காட்டும் மிதவையின் கயிற்றைப் பயன்படுத்தும் முறையும் மாற வேண்டும். மேற்பரப்பு நீர் கீழே இருப்பதைவிட வேகமாக ஓடுவதால் மிதவை உங்களை முந்திக்கொண்டு இழுக்கும். அது ஒரு கிளையில் மாட்டிக்கொண்டால் நீங்கள் ஓட்டத்தின் நடுவே கட்டப்பட்டவர் ஆகிவிடுவீர்கள். எனவே அந்தக் கயிறு சுற்றிய ரீலை உடலில் கொக்கி போட்டு மாட்டாமல் கையில் மட்டும் பிடியுங்கள். மாட்டிய நொடியில் விட்டுவிடலாம். வெட்டும் கருவி இரண்டு வேண்டும், இடக்கைக்கு எட்டும்படி ஒன்று, வலக்கைக்கு எட்டும்படி இன்னொன்று. தூண்டில் நரம்புக்குக் கத்தியைவிடக் கொக்கி வடிவக் கயிறுவெட்டியும் கத்தரியும் நன்றாக வேலை செய்யும்.

பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் ரெகுலேட்டரில் இருக்கிறது. வாயில் கடிக்கும் இரண்டாம் நிலையின் முகப்பு ஓட்டத்தை எதிர்கொண்டால் நீரின் வேகமே உள்ளிருக்கும் ரப்பர் சவ்வை அழுத்தும். விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் இந்த அழுத்தம் சுமார் 5 சென்டிமீட்டர் நீருக்குச் சமம். பெரும்பாலான ரெகுலேட்டர்கள் 2.5 முதல் 4 சென்டிமீட்டரிலேயே திறந்துகொள்ளும். அதனால் காற்று தானாகப் பீறிடும். பழுது என்று நினைத்துப் பதற வேண்டாம். தலையைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் நின்றுவிடும். இறங்கும் முன்பே காற்றோட்டத்துக்கு உதவும் வென்ச்சுரி நெம்புகோலைக் குறைந்த நிலையில் வைத்து, மூச்சு இலகுவைச் சரிசெய்யும் திருகையும் கொஞ்சம் இறுக்கிவிடுங்கள். தோளில் தொங்கும் மாற்று ரெகுலேட்டருக்கும் இதையே செய்யுங்கள். அது பீறிடுவதைக் கவனிக்கத் தாமதமாகும், காற்றோ போய்க்கொண்டிருக்கும்.

மட்டம் உயர்ந்தும் ஆறு அமைதியாக இருக்கும் நேரமும் உண்டு. ஆறு ஒரு நிரம்பிய ஏரியிலோ, வெள்ளம் ஓடும் பெரிய ஆற்றிலோ கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே நீர் எதிர்த்துத் தேங்கும். அளவுகோல் உச்சத்தில் இருக்கும், ஓட்டம் பெயருக்குத்தான் இருக்கும். கீழே மதகு திறந்த கணத்தில் அந்த அமைதி போய்விடும். இதன் மறுபக்கமும் உண்டு. 2017 இலும் 2019 இலும் வட அமெரிக்காவின் ஒன்டாரியோ ஏரி சாதனை மட்டத்தை எட்டியது. 2019 ஜூனில் கடல்மட்டத்துக்கு மேல் 75.92 மீட்டர். ஏரியைத் தணிக்க செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் விநாடிக்கு 10,400 கன மீட்டர் வரை வாரக்கணக்கில் திறந்துவிட்டார்கள். நீண்டகாலச் சராசரி சுமார் 7,000 தான். மூழ்கிய கப்பல்களுக்குப் பேர்போன டைவிங் ஆறு அது. மழை நின்று வானம் தெளிந்த பிறகும் ஓட்டம் வலுவாக நீடிப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வானத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், நீர்திறப்பு எத்தனை கன அடி அல்லது கன மீட்டர் என்பதைப் பார்க்க வேண்டும்.

இனி ஏரி. இங்கே வேகம் பெரிய சிக்கல் இல்லை, கலங்கல்தான் சிக்கல். எப்போது தெளியும் என்பதை வண்டலின் துகள் அளவு முடிவு செய்கிறது. அசையாத நீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் 10 மீட்டர் இறங்க 20 நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு ஒன்றேகால் நாள். 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கு ஒரு மாதம். காற்றும் அலையும் கிளறினால் இன்னும் நீளும். களிமண் நிலத்திலிருந்து நீர்வரத்து உள்ள ஏரி இரண்டு வாரம் கழித்தும் பால் தேநீர் நிறத்தில் இருப்பதும், மணற்பாங்கான ஏரி மூன்றாம் நாளே தெளிவதும் இதனால்தான்.

மேலே தெளிந்துவிட்டது என்பதால் கீழேயும் தெளிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஆற்றிலிருந்து வரும் வெள்ளம் ஏரியோடு உடனே கலப்பதில்லை. குளிர்ந்து கனத்த செங்கலங்கல் நீர், ஏரியின் மேல்நீருக்கு அடியில் புகுந்து, தன் அடர்த்திக்குச் சமமான ஆழத்தில் படுக்கையாகப் பரவும். பெரும்பாலும் வெப்பநிலை சட்டெனக் குறையும் தெர்மோக்ளைன் அடுக்கில்தான் அது தங்கும். 6 மீட்டர் வரை நல்ல தெளிவு, 8 மீட்டரில் கும்மிருட்டு, 12 மீட்டரில் மறுபடி தெளிவு என்றுகூட அமையும். இறங்கும் முன் ஒவ்வொரு மீட்டருக்கும் முடிச்சிட்ட கயிற்றில் ஒரு விளக்கையோ வெள்ளைத் தட்டையோ கட்டி இறக்கிப் பாருங்கள். எங்கே மறைகிறது என்று தெரியும். இருட்டு அடுக்கைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் இறங்குகயிறு இல்லாமல் போகாதீர்கள். துணை டைவரோடு கைப்பிடிக் கயிறு ஒன்று இருவருக்கும் இடையே இருக்கட்டும். பார்வைத்தூரம் 1 மீட்டருக்குக் கீழே என்றால் அதற்கெனப் பயிற்சி பெறாதவர்கள் கரையிலேயே இருப்பது நல்லது.

நீர் ஏறினால் எல்லா ஏரியும் கலங்கும் என்பதில்லை. ஆஸ்திரியாவின் க்ரூனர் ஸே குளிர்காலத்தில் ஒன்றிரண்டு மீட்டர் ஆழமே உள்ள சிறு ஏரி. பனி உருகும் காலத்தில் 10 மீட்டருக்கு மேல் ஏறி, பூங்கா இருக்கைகளையும் நடைபாதையையும் மூழ்கடித்துவிடும். அந்த நீர் சுண்ணாம்புப் பாறையில் வடிந்து வருவதால் கண்ணாடி போல் இருக்கும். அந்தக் காட்சிக்காகக் குவிந்த கூட்டத்தால் கெடுதல் நேர்ந்து, 2016 முதல் அங்கே டைவிங் தடைசெய்யப்பட்டது. வண்டல் இல்லாத வழியில் வரும் வெள்ளம் கலங்குவதில்லை.

நேர்மாறானது புளோரிடாவின் சுவானி ஆற்றுப் படுகை. அங்குள்ள ஊற்றுக் குகைகளிலிருந்து தெளிந்த நீர் வெளியே பாயும். ஆறு ஊற்றின் அழுத்தத்தைவிட ஏறிவிட்டால் ஓட்டம் திசைமாறி, தேநீர் நிற ஆற்றுநீர் குகைக்குள் நுழையும். வழக்கமாக உள்ளே போகும்போது எதிர்த்து, திரும்பும்போது ஓட்டத்தோடு வரலாம். இப்போது ஓட்டம் உள்ளே இழுக்கும், வெளியே வரத்தான் உழைப்பு. "மூன்றில் ஒரு பங்கு காற்று செலவானதும் திரும்பு" என்ற விதி அங்கே போதவே போதாது.

கரையும் கவனிக்க வேண்டிய ஒன்று. சரிவு இருபதுக்கு ஒன்று என்றால் மட்டம் 1 மீட்டர் ஏறும்போது கரை 20 மீட்டர் உள்ளே நகரும். அந்த 20 மீட்டரில் புதர், முள்வேலி, மூழ்கிய படித்துறை, கண்ணாடித் துண்டு எல்லாம் உங்கள் காலடியில். புல் அழுகி நீர் பழுப்பாகும். படகு கட்டும் மிதவைகளின் சங்கிலி, ஏறிய மட்டத்துக்கு எட்டாமல் மிதவையையே நீருக்குள் இழுத்து வைத்திருக்கும். "மிதவையைக் காணோம்" என்று தேடும் படகு அதன்மேலேயே மோதும். படகுத்துறையின் மின்பெட்டியும் கம்பியும் நனைந்திருந்தால் இன்னும் பெரிய ஆபத்து. நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் கசியும் மின்சாரம் நீந்துபவரின் உடல் வழியே பாய்ந்து தசைகளை முடக்கிவிடும். மின் இணைப்புள்ள மூழ்கிய துறைகளிலிருந்து 50 மீட்டராவது விலகி இருங்கள்.

ஆழக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "அந்தக் கப்பல் 18 மீட்டரில்" என்ற பழைய நினைவு இப்போது தவறு. மட்டம் 4 மீட்டர் ஏறியிருந்தால் அது 22 மீட்டர். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் பொழுதுபோக்கு டைவிங் அட்டவணையில் நிறுத்தமில்லா நேரம் (மேலேறும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படாமல் கீழே இருக்கக்கூடிய நேரம்) 56 நிமிடத்திலிருந்து 37 ஆகக் குறையும். 36 சதவீதம் ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் கலவையோடு 27 மீட்டர் இலக்குக்குப் போனவர், 3 மீட்டர் ஏற்றத்தில் 30 மீட்டரில் நிற்பார். கலவையில் ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தம் (பகுதியழுத்தம்) 1.4 பார் என்ற பாதுகாப்பு எல்லையைத் தாண்டிவிடும். எடை விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் உண்டு. கலங்கல் நீர் கனமானது, அதனால் கூடுதல் ஈயம் வேண்டும் என்பார்கள். லிட்டருக்கு 1 கிராம் வண்டல் என்பதே நல்ல கலங்கல். அது 100 கிலோ டைவரின் மிதப்பை மாற்றுவது வெறும் 60 கிராம். ஓட்டத்தில் தரையோடு நிற்க எடை கூட்டுவதென்றால் 1 அல்லது 2 கிலோ, அதுவும் ஒரே இழுப்பில் கழற்றி எறியக்கூடிய இடத்தில்.

வெள்ளம் வடியும்போது நிலைமை பொதுவாக மேம்படும். ஒரே மட்டத்தில் ஏறுமுகத்தைவிட இறங்குமுகத்தில் கலங்கலும் மிதக்கும் கட்டையும் குறைவு. ஆனால் மட்டம் வேகமாக இறங்கினால், நீரில் ஊறிக் கனத்த கரைகள் தாங்க ஆளின்றிப் பொலபொலவெனச் சரியும். செங்குத்துக் கரைகளின் அடியில் நிற்காதீர்கள். முதல் முறை இறங்கும்போது பழைய வரைபடத்தை நம்பவும் வேண்டாம். மணல்திட்டு நகர்ந்திருக்கும், பாலத்தூணடியில் புதுக்குழி விழுந்திருக்கும், பழைய இறங்குகயிறு எங்கேயோ சுருண்டு கிடக்கும். அந்த முதல் டைவை ஆய்வுக்கு மட்டும் வைத்து, 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

இறங்கும் நாளில் ஆட்கள் நிற்க வேண்டிய இடமும் முக்கியம். ஓட்டம் வரும் பக்கத்தில் ஒருவர் கட்டை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் படகின் உலோக ஏணியைத் தட்டி ஒலி எழுப்ப வேண்டும். ஓட்டம் போகும் பக்கத்தில் 20 மீட்டர் எறிகயிற்றுப் பையோடு ஒருவர். படகு இருந்தால் நங்கூரமிட்டு நிற்காமல் டைவர்களைத் தொடர்ந்து மிதந்து வர வேண்டும்.

வெள்ளநீரில் சாக்கடையும் கால்நடைக் கழிவும் கலந்திருக்கும். கனமழைக்குப் பின் 72 மணி நேரமாவது காத்திருங்கள். ஆறாத புண் இருந்தால் இறங்க வேண்டாம். கட்டாயப் பணி என்றால் முழுமுக மாஸ்க்கும் உலர் உடையும் தேவை. மேலே வந்ததும் சுத்தமான நீரில் கருவிகளை அலசும்போது பி.சி.டி. ஊதுபொத்தானைத் தனியாகக் கவனியுங்கள். உள்ளே புகுந்த நுண்மணல் பொத்தானைச் சிக்கவைத்தால் அடுத்த டைவில் அது தானாக ஊதி உங்களை மேலே தூக்கிவிடும். பொத்தானைப் பலமுறை அழுத்தி நீர் ஓடவிடுங்கள், இரண்டாம் நிலையைத் திறந்து சவ்வின் விளிம்பையும் துடையுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி வெள்ளநீரில் பரவும். அறிகுறி தெரிய 2 முதல் 30 நாள் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், மருத்துவரிடம் எந்தத் தேதியில் வெள்ளநீரில் இறங்கினீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.